துப்பறியும் கதையில் நேர்மை

துப்பறியும் நாவலைப் பாடப்புத்தகத்தின் நடுவே மறைத்து வைத்துப் படிக்கும் வழக்கம் மாணவர் உலகிற்குப் புதிதன்று. அத்தகைய நூல்களை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்குவோர், அவற்றை எழுதுதற்கும் ஓர் ஒழுங்கு உண்டென்பதை எண்ணுவதில்லை. அவ்வொழுங்கை வகுத்தவருள் ஒருவர் பாதிரியார் என்பது நம் கல்லூரியினர் அறியத்தக்கது. இங்கிலாந்தில் கத்தோலிக்க குருவாயிருந்த ரானல்டு நாக்ஸ் என்பார் 1929-ஆம் ஆண்டில் இவ்வகைக் கதைக்குப் பத்து விதிகள் எழுதினார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே வாசகருக்கு அறிமுகமாதல் வேண்டும். துப்பறிவோன் கண்ட தடயத்தை வாசகரிடம் ஒளித்தலாகாது. தற்செயல் நிகழ்ச்சி அவனுக்குத் துணை செய்தலாகாது என்பன அவற்றுட் சில. பாதி விளையாட்டாக எழுதப்பட்டவையே எனினும், வாசகனும் துப்பறிவோனோடு சமமாய்ப் போட்டியிட இடந்தரல் வேண்டும் என்பதே அவற்றின் உட்கருத்து.

நம் கதைகளை இவ்வுரைகல்லில் தேய்த்துப் பார்ப்போம். ஜே. ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' 1908-இல் வெளிவந்தது. துப்பறியும் கோவிந்தன் தமிழ் வாசகரின் உள்ளத்தைக் கவர்ந்தான். விதி பிறப்பதற்கு இருபது ஆண்டுகட்கு முன் எழுதியவரை அவ்விதி கொண்டு குறைகூறுதல் முறையன்று. வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரோ ஊகத்தினும் வேடத்தையே மிகுதியும் நம்புபவர். 1950-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் அக்கதையைப் படமாக்கியபோது, எம். என். நம்பியார் வேடத்தின்மேல் வேடம் புனைந்து மக்களை மகிழ்வித்தார். ஆனால் வேடத்தை வாசகன் முன்கூட்டி உணர வழியில்லை. ஆங்கே வியப்பு உண்டு, போட்டி இல்லை. ஆனந்த விகடனில் தேவன் எழுதிய 'துப்பறியும் சம்பு'வின் நிலை வேறு. அசடென்று பெயரெடுத்த ஒருவன் தற்செயலாலேயே வெற்றிபெறக் கண்டு நாம் நகைக்கிறோம். துப்பறிவோன் அறிவினால் வெல்லவேண்டும் என்னும் எண்ணம் நம்முள் முன்பே வேரூன்றியிருத்தலே அந்நகைப்பிற்குக் காரணம்.

இனி, மயிலாப்பூரிற் பிறந்த எஸ். பாலசந்தர் இயக்கி, ஏ.வி.எம். நிறுவனத்தார் 1954-இல் வெளியிட்ட 'அந்த நாள்' என்னும் படத்தை நோக்குவோம். பிற்காலத்தில் வீணை வித்துவானாய் உலகெங்கும் புகழ்பெற்ற அவரே ஒரு பாட்டேனும் இல்லாத தமிழ்ப்படத்தை எடுத்தார் என்பது வியத்தற்குரியது. அக்காலத்து மக்கள் அதனைப் போதிய அளவு ஆதரிக்கவில்லை.

1943 அக்டோபர் 11-ஆந் தேதி இரவு ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசியது. அதனை அடுத்தே, வானொலிப் பொறியாளன் ராஜன் தன் வீட்டிற் சுட்டுக் கொல்லப்படுகிறான். சிவாஜி கணேசன் ஏற்ற பாத்திரம் படத்தின் தொடக்கத்திலேயே பிணமாகிறது! மனைவி, தம்பி, தம்பியின் மனைவி, அண்டை வீட்டார் முதலியோர் ஐயத்திற்கு உள்ளாகின்றனர். ஒருவர் மற்றொருவரைச் சுட்டுகின்றார்; அவரவர் சொல் திரையிற் காட்சியாய் விரிகின்றது.

இங்கேதான் நேர்மை பற்றிய வினா எழுகிறது. நூலில் ஒருவன் கூற்றைப் படிக்குங்கால் அது கூற்றேயென்று நினைவிற் கொள்வோம். திரையில் அதனையே கண்ணாற் காணுங்கால் நடந்ததென நம்பிவிடுகிறோம். இவ்வாறு காட்டுதல் வஞ்சனையாகாதா? ஆகாது என்பது என் துணிபு. ஒவ்வொரு காட்சியும் இன்னார் வாய்மொழி என்று அறிவித்த பின்னரே தொடங்குகிறது. சொல்வோரின் பகையையும் நலத்தையும் நிறுத்துப் பார்க்கும் பொறுப்பு நம்முடையதாகிறது. சட்டம் பயிலப் புகும் நண்பர்கள் இப்பகுதியை ஊன்றிக் காண்க.

பாலசந்தருக்குத் தூண்டுகோலாயிருந்தது குரோசாவாவின் 'ராஷோமோன்' என்னும் 1950-ஆம் ஆண்டு ஜப்பானியப் படம். அதில் சாட்சியங்கள் முரண்பட்டபடியே நிற்கும். உண்மை இன்னதெனத் துணியப்படாது. 'அந்த நாள்' படமோ குற்றவாளியைக் காட்டியே தீர்கின்றது. அதனால் ஆழம் குறைந்ததென்பாரும் உளர். எனினும் துப்பறியும் கதையின் கடன் விடையளித்தலே. அவ்விடைக்குரியவர் நாக்ஸின் முதல் விதிப்படி தொடக்கத்திலேயே நம் கண்முன் நிற்கிறார். யாரென்பதை ஈண்டு உரையேன். படத்தை இருமுறை காண்பவர், இரண்டாம் முறை முதற் கால்மணி நேரத்தில் அவர் முகத்தை மட்டும் கவனிப்பாராக.