நூலின் உட்பொருளைக் காட்டும் ஆறு அடையாளங்கள்

ஒரு நூல் எதைப் பற்றிப் பேசுகிறது என்பது வேறு. பேசி எதை நிலைநாட்டுகிறது என்பது வேறு. முன்னது விஷயம், பின்னது தாத்பரியம், அதாவது மையக்கருத்து. விஷயத்தை ஒரு சொல்லில் கூறிவிடலாம். மையக்கருத்தைக் கூற ஒரு முழு வாக்கியம் வேண்டும். ‘ஆத்மா’ என்பது விஷயம். ‘ஜீவனின் உண்மை இயல்பு பிரம்மமே’ என்பது தாத்பரியம்.

சாந்தோக்ய உபநிஷத்தின் ஆறாம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். 12 வயதில் குருகுலம் சென்ற சுவேதகேது, 24 வயதில் கல்விச் செருக்குடன் வீடு திரும்புகிறான். தந்தை உத்தாலகர் அவனுக்கு உபதேசிக்கிறார். இடையில் 15 நாள் உபவாசம் வருகிறது. தேன், நதி, ஆலம்விதை, நீரில் கரைந்த உப்பு என உவமைகள் தொடர்கின்றன. இதைப் படிக்கும் ஒருவர், ‘அடக்கம் வேண்டும் என்பதே கருத்து’ என்பார். மற்றொருவர், ‘மனம் உணவைச் சார்ந்தது என்பதே கருத்து’ என்பார். இரண்டுக்கும் நூலில் இடமுண்டு. எனினும் மையம் எது?

இதைத் தீர்மானிக்க நம் முன்னோர் ஆறு அடையாளங்களை வகுத்தனர். ‘வேதாந்த சாரம்’ இயற்றிய சதானந்தர், இதே அத்தியாயத்தைக் கொண்டு அவற்றை விளக்குகிறார்.

1. உபக்ரமம், உபசம்ஹாரம்: தொடக்கமும் முடிவும் ஒத்திருத்தல். இரண்டற்ற ஸத் என்னும் பரம்பொருளில் உபதேசம் தொடங்குகிறது. அனைத்துக்கும் அதுவே ஆத்மா என்று முடிகிறது.

2. அப்யாசம்: திரும்பத் திரும்பக் கூறல். ‘அந்த ஸத்தே நீ’ என்னும் பொருள்படும் மகாவாக்கியம் 9 முறை வருகிறது.

3. அபூர்வதை: வேறு வழியால் அறிய முடியாமை. இவ்வுண்மை புலன்களுக்கோ அனுமானத்துக்கோ எட்டாதது.

4. பலம்: அறிவதால் விளையும் பயன். குருவைப் பெற்றவன் அறிகிறான், விடுதலை அடைகிறான்.

5. அர்த்தவாதம்: புகழ்ந்துரைத்தல். இதை அறிந்தால் கேளாததும் கேட்டதாகும் என்று அந்த அறிவு போற்றப்படுகிறது.

6. உபபத்தி: யுக்தியால் நிறுவுதல். களிமண்ணை அறிந்தால் மண்பாண்டங்கள் அனைத்தின் இயல்பும் அறியப்படுகிறது என்னும் உவமை இதற்காகவே வருகிறது.

ஆறும் ஒரே உண்மையைச் சுட்டுகின்றன. இனி உபவாசப் பகுதியை நோக்கினால் அதன் இடம் விளங்கும். அது தொடக்கத்திலும் இல்லை, முடிவிலும் இல்லை. மனத்துக்கு மூலம் உணவு என்று அது காட்டுகிறது. அங்கிருந்து உத்தாலகர் உணவுக்கு மூலம் நீர், நீருக்கு மூலம் ஒளி, ஒளிக்கு மூலம் ஸத் என்று மகனை அழைத்துச் செல்கிறார். அப்பகுதி படியே தவிர மாடம் அன்று. சுவேதகேதுவின் செருக்கும் அவ்வாறே உபதேசத்துக்கு வாயிலாக அமைகிறது.

கதையாயினும் காவியமாயினும் படித்து முடித்தவுடன் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். தொடக்கமும் முடிவும் எங்கே சந்திக்கின்றன? எது மீண்டும் மீண்டும் வருகிறது? மற்ற பகுதிகள் எதற்குத் துணை நிற்கின்றன? இவற்றைக் கேளாதவர், தமக்குப் பிடித்த ஒரு வரியை எடுத்து அதையே நூலின் கருத்து என்பார். நூலுக்குப் பதிலாகத் தம்மையே மீண்டும் படித்தவராவார். கேட்பவருக்கோ, தாம் முன்பு அறியாத ஒன்றை நூல் கற்பிக்கிறது.