நோயெதிர்ப்புப் புரதங்களும் பெண்களின் புற்றுநோயும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: நோயெதிர்ப்பு அணுக்கள் சுரக்கும் புரதங்கள் எப்போதும் புற்றுச் செல்களை ஒடுக்கவே செய்யும்.

உண்மை: சைட்டோகைன்கள் எனப்படும் இச்சிறு புரதங்கள் ஒரு செல்லிலிருந்து வெளிப்பட்டு, மற்றொரு செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் பொருந்தி, அது பெருக வேண்டுமா அடங்க வேண்டுமா என்னும் குறிப்பைக் கொண்டு சேர்ப்பவை, ஆயினும் அக்குறிப்புக்கு எவ்வாறு இணங்குவது என்பது பெறுகின்ற செல்லின் நிலையைப் பொறுத்தது. கருப்பை வாய்ச் செல்களைக் கொண்டு நடத்தப்பட்டு 1995-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அழற்சியின்போது மிகுதியாகச் சுரக்கும் இன்டர்லூக்கின்-1 ஆல்ஃபா, டிஎன்எஃப் ஆல்ஃபா ஆகிய இரண்டும் இயல்பான செல்களின் பெருக்கத்தைத் தடுத்தன; எச்பிவி எனப்படும் மனித பாப்பிலோமா வைரஸின் மரபணுப் பொருளால் முடிவின்றிப் பெருகும் தன்மை பெற்ற செல்களிலும், புற்றுச் செல்களிலும், அதே புரதங்கள் பெருக்கத்தைத் தூண்டின. அத்தகைய செல்கள் ஆம்ஃபிரெகுலின் என்னும் வளர்ச்சிக் காரணியின் உற்பத்தியைக் கூட்டி, தாம் சுரந்த அதனாலேயே தாம் பெருகியமையே இதற்குக் காரணம். எச்பிவி தொற்றுள்ள பெண்களின் கருப்பை வாயில் நீடிக்கும் அழற்சியைச் சாதாரணமாக எண்ணி விட்டுவிடக்கூடாது என்பதை இது வலுவாக உணர்த்துகிறது.

நம்பிக்கை: இப்புரதங்களைச் சுரப்பவை நோயெதிர்ப்பு அணுக்கள் மட்டுமே.

உண்மை: சினைப்பைப் புற்றுச் செல்கள் தாமே இன்டர்லூக்கின்-6ஐச் சுரக்கின்றன, நோய் முற்றும்போது வயிற்றில் தேங்கும் நீரில் அது மிகுந்து காணப்படுகிறது. செல்லுக்குள் ஸ்டாட்-3 என்னும் புரதத்தை முடுக்கி, பிழைப்புக்கும் பெருக்கத்துக்கும் உரிய மரபணுக்களை இயக்குவதோடு அது நிற்பதில்லை. கல்லீரலில் திராம்போபொய்ட்டின் என்னும் ஹார்மோனின் சுரப்பைக் கூட்டி, அதன்வழி ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையையும் உயர்த்துகிறது. அத்தட்டணுக்கள் கட்டியின் வளர்ச்சிக்குத் துணைபுரிவதை 2012-இல் வெளியான ஆய்வு எலிகளில் காட்டியது.

நம்பிக்கை: அவ்வாறாயின் நோயெதிர்ப்பு மண்டலமே புற்றுநோயின் துணைவன்.

உண்மை: இதுவும் பிழையே. முற்றிய சினைப்பைப் புற்றுநோயின் 186 மாதிரிகளை ஆராய்ந்து 2003-இல் வெளியான ஆய்வில், கட்டிக்குள் டி அணுக்கள் என்னும் நோயெதிர்ப்பு அணுக்கள் புகுந்திருந்த பெண்களுள் 38 விழுக்காட்டினர் ஐந்தாண்டுகள் உயிர்வாழ்ந்தனர். புகாதவர்களுள் அவ்வளவு காலம் வாழ்ந்தவர்கள் 4.5 விழுக்காட்டினரே.

நம்பிக்கை: நோயெதிர்ப்பைக் கூட்டும் எதுவும் சிகிச்சைக்கு நன்மையே செய்யும்.

உண்மை: இந்நான்கனுள் நோயாளிகளுக்கு நேரடியாகத் தீங்கு விளைக்கக்கூடியது இந்நம்பிக்கையே. இன்டர்ஃபெரான் காமா என்னும் சைட்டோகைன் புற்றுச் செல்களின் பெருக்கத்தைத் தடுப்பது ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்டதால், முற்றிய சினைப்பைப் புற்றுநோயோ வயிற்று உட்சவ்வுப் புற்றுநோயோ கொண்ட 847 பெண்களிடம், கார்போபிளாட்டின், பேக்லிடாக்செல் ஆகிய வழக்கமான மருந்துகளுடன் அதனைச் சேர்த்தும் சேர்க்காமலும் பயன்கள் ஒப்பிடப்பட்டன. 2008-இல் வெளியான முடிவின்படி, அதனைப் பெற்றவர்களின் வாழ்நாள் குறைந்திருந்தது இடைக்காலப் பகுப்பாய்விலேயே தெரியவந்ததால், அச்சோதனை முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. அளவும் தூய்மையும் அறிந்து, மருத்துவர் கண்காணிப்பில் செலுத்தப்பட்ட ஒற்றைப் புரதமே இவ்வாறு எதிர்விளைவு தந்திருக்கையில், என்ன கலந்துள்ளது என்றே தெரியாத சூரணத்தையும் டானிக்கையும் கீமோதெரபியின் நடுவே நம்பி உட்கொள்வது தகாது. உறவினர் அன்புடன் வாங்கித் தருவனவாயினும், அவற்றைப் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டி, அவர் இசைந்த பின்னரே உட்கொள்ள வேண்டும்.