ஏரியும் கழிமுகமும் சீர்பட ஊர் கூடித் திட்டமிடும் முறை

கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகி, மணிமுக்தா ஆறுகளாக இறங்கி, அணைகளிலும் ஏரிகளிலும் தங்கி, மீதி நீர் விருத்தாசலம் வழியாகச் சென்று வெள்ளாற்றில் கலக்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டை அருகே கடலில் சேர்கிறது. அந்த முகத்துவாரத்துக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே இருப்பது பிச்சாவரம் சுரபுன்னைக் காடு. கள்ளக்குறிச்சி மாவட்ட விவசாயிகளுக்குக் கடற்கரைக் காட்டைப் பற்றி என்ன கவலை என்று தோன்றலாம். ஆனால் அழிந்துபோன ஒரு நீர்நிலையை ஊர் மக்களைச் சேர்த்துக்கொண்டு மீட்பது எப்படி என்பதற்குத் தமிழ்நாட்டில் கிடைக்கும் நல்ல பாடம் அங்கேதான் உள்ளது. அந்தப் பாடம் ஏரிப் பாசன ஊர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

காரணம் அறியாமல் கைவைக்கக் கூடாது

பிச்சாவரம் காட்டின் பெரும் பகுதி பொட்டலாகிக் கிடந்த காலம் உண்டு. ஆடு மாடு மேய்ப்பதும் விறகு வெட்டுவதுமே காரணம் என்று சுற்றுப்புற ஊர் மக்கள் மீது பழி சுமத்தப்பட்டது. 1988-ல் சென்னையில் தொடங்கப்பட்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் அங்கு ஆய்வு செய்தபோது வேறு காரணம் தெரியவந்தது. முற்காலத்தில் வனத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியில் உள்ள மரங்களை ஒட்டுமொத்தமாக வெட்டும் முறை இருந்தது. மரம் போனதும் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. சேறு காய்ந்து அமுங்கி, நிலம் தொட்டி போல் பள்ளமாயிற்று. ஓதத்தில் ஏறிய கடல் நீர் திரும்பிப் போக வழியில்லாமல் அங்கேயே தேங்கியது. தேங்கிய நீர் வற்றி வற்றி உப்பு மிகுந்தது. அந்த உப்பில் விதை விழுந்தாலும் முளைக்கவில்லை, நட்ட கன்றும் பிழைக்கவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. மேய்ச்சலே காரணம் என்று முடிவு கட்டி, வேலி போட்டுக் காவல் வைத்திருந்தால் பணமும் வீணாகியிருக்கும், ஊர்ப் பகையும் வளர்ந்திருக்கும், காடும் வந்திருக்காது.

மீன் முள் வாய்க்கால்

காரணம் தெரிந்த பின் தீர்வு எளிதாயிற்று. பள்ளத்தில் தேங்கிய நீரை ஆற்றுக் கிளையோடு இணைக்க ஒரு பெரிய வாய்க்கால் வெட்டப்பட்டது. அதன் இரு பக்கமும் சாய்வாகச் சிறு வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. மேலிருந்து பார்த்தால் மீனின் நடுமுள்ளும் பக்க முட்களும் போலத் தோன்றும். இவ்வழியே ஓத நீர் ஏறி இறங்கத் தொடங்கியதும் உப்பு குறைந்தது. வாய்க்கால் கரையின் உட்சரிவில், நீரில் மூழ்கி அழுகாமலும் மேட்டில் காய்ந்து போகாமலும் இருக்கும் நடு உயரத்தில், வெண்கண்டல் முதலிய கன்றுகள் நடப்பட்டன.

ஊர் சேர்ந்தது எப்படி?

வாய்க்கால் வெட்டியதோடு வேலை முடியவில்லை. வாய்க்காலில் வண்டல் சேர்ந்தபடியே இருக்கும். அவ்வப்போது தூர் வார வேண்டும். கன்றுகளை ஆடு மாடு கடிக்காமல் சில ஆண்டுகள் காக்க வேண்டும். இதை வெளியிலிருந்து வருபவர்கள் செய்ய முடியாது. ஆகவே வனத்துறையும் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர் மக்களும் சேர்ந்து நிர்வகிக்கும் முறை 1990-களின் பிற்பகுதியில் ஏற்படுத்தப்பட்டது.

முதலில் மக்களோடு உட்கார்ந்து ஊரின் வரைபடம் போடப்பட்டது. காட்டை யார் யார் எதற்காக நம்பியிருக்கிறார்கள் என்று கேட்கப்பட்டது. மீனவர்களுக்கு மீனும் நண்டும், இருளர் குடும்பங்களுக்குக் கையால் துழாவிப் பிடிக்கும் இறால், விவசாயக் குடும்பங்களுக்கு மேய்ச்சலும் விறகும் என்று ஒவ்வொருவர் தேவையும் வேறு வேறு. ஊர்க் குழுவில் ஆண்களோடு பெண்களும் இடம் பெற்றனர். காட்டைப் பற்றிய பேச்சோடு குடிநீர், வருமானம், கடன் போன்ற ஊரின் குறைகளும் பேச்சுக்கு வந்தன. ஊர் என்ன செய்யும், துறை என்ன செய்யும் என்பது எழுத்தில் வைக்கப்பட்டது.

1986-ம் ஆண்டையும் 2002-ம் ஆண்டையும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஒப்பிட்டபோது காட்டின் பரப்பு சுமார் 90 சதவீதம் கூடியிருந்தது. 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை வந்தபோது, கடலூர் மாவட்டத்தில் அடர்ந்த மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததாக 2005-ல் ஆய்வாளர்கள் எழுதினர். கடலிலிருந்து உள்ள தூரமும் நிலத்தின் உயரமும்கூட அதற்குக் காரணம் என்று வேறு ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். மரம் மட்டுமே காத்தது என்று சொல்வதற்கில்லை என்றாலும், காடு மீண்டதில் ஐயமில்லை. 2022-ல் பிச்சாவரம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈர நிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

நம் ஏரிக்கு என்ன பாடம்?

கள்ளக்குறிச்சிப் பகுதியில் ஏரி நிரம்பவில்லை என்றால் உடனே எழும் கோரிக்கை, "தூர் வாருங்கள்" என்பதே. தூர் வாருவது தவறல்ல. ஆனால் ஏரி நிரம்பாததற்குக் காரணம் வண்டல்தானா என்று முதலில் பார்க்க வேண்டும். வரத்து வாய்க்கால் அடைபட்டிருந்தால் எத்தனை ஆழம் வெட்டினாலும் நீர் வராது. மதகு ஒழுகினால் வந்த நீர் நிற்காது. சீமைக் கருவேல் அடர்ந்திருந்தால் நீர் பிடிக்கும் இடமும் குறையும், ஓட்டமும் தடைபடும்.

கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு ஏக்கர் பரப்பில் ஒரு அடி ஆழம் வண்டல் எடுத்தால் 43,560 கன அடி மண் வரும். 100 கன அடி கொண்ட யூனிட் கணக்கில் இது சுமார் 435 யூனிட். அந்த இடத்தில் கூடுதலாக நிற்கும் நீர் சுமார் 12.3 லட்சம் லிட்டர். ஒரு ஏக்கர் நெல்லுக்குச் சுமார் நான்கு அடி நீர் தேவை என்று கொண்டால், இந்த நீர் கால் ஏக்கர் நெல்லுக்கே போதும். இத்தனை மண் எடுக்கும் செலவில் வரத்து வாய்க்காலைச் சீர்செய்தால் எவ்வளவு நீர் கூடும் என்பதை ஒப்பிட்ட பின்பே முடிவு எடுத்தல் நலம்.

மதகின் அடிமட்டத்துக்குக் கீழே வெட்டிய பள்ளத்து நீர் தானாக வயலுக்குப் பாயாது. கால்நடைக்கும் மீனுக்கும் சுற்றுக் கிணறுகளின் ஊற்றுக்கும் அது உதவும். ஆகவே எதற்காக வெட்டுகிறோம் என்பதில் ஊருக்குத் தெளிவு வேண்டும். கரையின் அடியை ஒட்டி மண் எடுத்தால் கரை பலம் இழக்கும்.

திட்டமிடும் படிகள்

1. ஊர் என்றால் யார் என்று முதலில் பட்டியல் எடுக்க வேண்டும். ஆயக்கட்டு விவசாயிகள் மட்டும் ஊர் ஆகமாட்டார்கள். கடைமடைக்காரர்கள், கிணற்றுப் பாசனக்காரர்கள், ஆடு மாடு மேய்ப்பவர்கள், மீன் குத்தகை எடுத்தவர்கள், விறகு பொறுக்கும் பெண்கள், நிலமற்ற கூலிக் குடும்பங்கள், ஏரிக்குள் பயிர் வைத்திருப்பவர்கள், கோடி போனால் அடுத்து நீர் பெறும் ஊர்க்காரர்கள் என அனைவரும் வர வேண்டும்.

2. அனைவரும் சேர்ந்து வரத்து வாய்க்காலின் தலைப்பிலிருந்து கடைமடை வரை நடந்து பார்க்க வேண்டும். அடைப்பு, உடைப்பு, ஆக்கிரமிப்பு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு தரையில் கோலமாவு கொண்டு ஏரியையும் வாய்க்கால்களையும் வரைந்து, எந்தெந்த ஆண்டில் நிரம்பியது, எப்போது முதல் நிரம்பவில்லை என்று முதியோரைக் கேட்க வேண்டும்.

3. காரணத்தை அளந்து பார்க்க வேண்டும். நீர் நிரப்பிய நீண்ட பிளாஸ்டிக் குழாயைக் கொண்டே வாய்க்காலின் மட்டத்தைச் சரிபார்க்கலாம். நாலைந்து இடங்களில் குழி எடுத்தால் வண்டல் எத்தனை ஆழம் என்பது தெரியும்.

4. இந்தத் திட்டத்தால் யாருக்கு இழப்பு என்று வெளிப்படையாகப் பேச வேண்டும். ஏரிக்குள் பயிர் வைத்த ஏழைக்கும், மேய்ச்சல் இழக்கும் ஆட்டுக்காரருக்கும் மாற்று வழி சொல்லாமல் போட்ட திட்டம் நிற்காது. மேய்ச்சலை முழுதும் தடுக்காமல், ஒரு பகுதியை மூடி மறு பகுதியைத் திறந்து, ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளலாம். வெட்டிய சீமைக் கருவேல் விறகில் ஒரு பங்கைக் கூலிக் குடும்பங்களுக்கு விட அனுமதி கோரலாம்.

5. முடிவை எழுத்தில் வைத்து கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் உள்ளன. உரிய துறையின் அனுமதி பெறாமல் மண்வெட்டி போடக் கூடாது. வண்டல் மண் எடுக்க வட்டாட்சியர் அலுவலகத்தை அணுக வேண்டும். வயலுக்குப் போடும் முன் அதில் உவர் உள்ளதா என்று மண் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

6. பராமரிப்பை முதல் நாளே முடிவு செய்ய வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசிக்குள், ஆண்டுதோறும் வரத்து வாய்க்கால் சுத்தம் செய்ய யார் எத்தனை ஆள் தருவது, செலவுக்கு எந்த நிதி என்பது தீர்மானத்தில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பழைய குடிமராமத்து இவ்வாறுதான் நடந்தது.

மலை ஊர்களையும் மறக்கலாகாது

ஏரியில் சேரும் வண்டலில் ஒரு பகுதி மலைச்சரிவின் மேல்மண். மலையில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும்போது மண் கிளறப்படுகிறது. சரிவின் போக்கில் உழுதால் ஒரே மழையில் அந்த மண் ஓடிவிடும். சரிவுக்குக் குறுக்கே உழுவதும், கல் வரப்பு அமைப்பதும், வரப்பில் வெட்டிவேர் நடுவதும், மரவள்ளியோடு பயறு வகைகளை ஊடுபயிராக இடுவதும் மண்ணைக் காக்கும். இதனால் முதல் லாபம் மலை விவசாயிக்கு, அடுத்த லாபம் ஏரிக்கு. ஆனால் சமவெளி ஊர்கள் தீர்மானம் போட்டு மலை ஊர்களுக்கு அனுப்பினால் நடக்காது. வன நிலத்தை நம்பி வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி உரிமைகள் உள்ளன. அவர்களுடைய கிராம சபையில், அவர்கள் வசதிப்படும் நாளில், பேச்சைத் தொடங்க வேண்டும்.

கையெழுத்து பங்கேற்பு ஆகாது

திட்டம் தயாரான பிறகு கூட்டம் கூட்டி, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குவதை மக்கள் பங்கேற்பு என்று கொள்ள முடியாது. காரணத்தைக் கண்டறியும் வேலையிலேயே மக்கள் இருக்க வேண்டும். அப்படி இருந்தவர்கள்தான் பத்து ஆண்டு கழித்தும் வாய்க்காலைத் தூர் வாருவார்கள்.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. மார்ச் 22 உலக தண்ணீர் தினம். ஏரியில் நீர் வற்றத் தொடங்கும் அந்தச் சமயத்தில் நடந்து பார்த்து, அளந்து, மே 1 கூட்டத்தில் தீர்மானம் வைத்தால், அனுமதி பெற்று மழைக்கு முன் வேலையை முடிக்க அவகாசம் கிடைக்கும். மேற்சொன்ன பட்டியலில் உள்ள ஒருவரேனும் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லையென்றால், அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டுவருவது அடுத்த வேலை.