வேகமான சோதனை அடிக்கடி, மெதுவான சோதனை ஒருமுறை

வடக்குத்தில் எங்கள் தெரு மகளிர் குழுவுக்குக் கடன் வட்டி கணக்கிட, பைத்தானில் சிறு புரோகிராம் எழுதினேன். 1,000 ரூபாய்க்கு மாதம் 1 சதவீதம் என்றால் 3 மாத வட்டி 30 ரூபாய் வருகிறதா? இப்படி கம்ப்யூட்டரே சரிபார்க்கும் சோதனைகளையும் எழுதினேன்.

5 ஆண்டுப் பழைய கணக்கையும் ஒப்பிட்டதால் அனைத்தும் முடிய 20 நிமிடம் ஆனது. பொறுமையின்றி, ஒருமுறை சோதிக்காமலே கொடுத்துவிட்டேன். ஓர் அக்காவிடம் கூடுதல் வட்டி வசூலாகிவிட்டது!

தீர்வு எளிது. நீங்களும் பைடெஸ்ட் பயன்படுத்தினால், இயக்கும்போது '--டியூரேஷன்ஸ்=10' என்று சேருங்கள். மிக மெதுவான 10 சோதனைகளைக் காட்டும். அவற்றின் மேல் 'ஸ்லோ' என்ற மார்க்கர் இடுங்கள். பின்னர் '-எம் "நாட் ஸ்லோ"' எனக் கொடுத்தால் மற்றவை மட்டும் ஓடும். எனக்கு அவை 4 விநாடியில் முடிகின்றன. கூகுளிலும் சோதனைகளைச் சிறியது, நடுத்தரம், பெரியது எனப் பிரிப்பது வழக்கம்.

ஆனால் ஒன்று: மெதுவானவற்றை ஒதுக்கினோம் என்று மறந்துவிடாதீர்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் வேகமானவை. புரோகிராமை மற்றவரிடம் கொடுக்கும் முன் அனைத்தும். நான் இப்போது சாப்பிடப் போகும்போது அவற்றை ஓடவிடுகிறேன்.