கனியின் தரமும் நனோ ஊட்டத் தெளிப்பும்

கனிதரு மரங்களை வளர்ப்போர் வேருக்கு நீரும் எருவும் இடுதலையே பெரும் பணியாகக் கொள்வர். இலைவழியாகவும் மரத்துக்கு உணவூட்டலாம் என்பதும், அவ்வுணவை மிக நுண்ணிய துகளாக்கித் தெளிக்கலாம் என்பதும் இக்கால ஆய்வாளர் காட்டும் நெறியாகும். மாணாக்கர்க்கும், தோட்டமுடைய பழைய மாணவர்க்கும் பயன்படுமெனக் கருதி அதனை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

நனோ என்பது குள்ளனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. தமிழிலே குறள் என்பதும் குறுமைப் பொருளதே. வாமனனைக் குறளன் என்றனர் நம் முன்னோர். ஒரு மீற்றரை நூறு கோடிக் கூறாக்கினால் அவற்றுள் ஒன்று நனோமீற்றர். பொதுவாக 1 முதல் 100 நனோமீற்றர் வரையான துகள்களையே நனோத் துகள் என்பர். தலைமயிரின் தடிப்போ ஏறத்தாழ 80,000 நனோமீற்றராம். இலையின் மேற்பரப்பிலுள்ள இலைவாய்கள் இத்துகள்களை நோக்கப் பெருவாயில்களே.

இலைவழி ஊட்டம் ஏன் வேண்டும்? யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின்மேல் அமைந்தது. சுண்ணம் மிக்க கார மண்ணிலே இரும்பும் நாகமும் இருந்தும், கரையா வடிவிற் கிடத்தலால் வேர் அவற்றை எளிதிற் கவர மாட்டாது. தேசியின் இளந்தளிர் சிறுத்து, நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தோன்றுமாயின் இக்குறையை ஐயுறலாம். இதனையறியாது மேலும் மேலும் யூரியா இடுவதாற் பயன் யாது? மரம் தேறாது; மிகுந்த உரம் நைத்திரேற்றாகி நாம் பருகும் கிணற்றுநீரிற் சேரும்.

சுண்ணமண் மிக்க ஈரான் நாட்டிலே அர்தெஸ்தானி என்னும் மாதுளையினத்தில் நடத்திய ஆய்வொன்று 2016 இல் வெளிவந்தது. பூக்கள் முழுதும் மலருமுன் ஒரேயொரு முறை, மரமொன்றுக்கு 5.3 லீற்றர் வீதம், நனோ நாகமும் நனோ போரனும் தெளித்தனர். ஒரு மரத்துக்குச் சென்ற நாகம் மிகுந்த அளவில் 636 மில்லிகிராம். போரன் 34 மில்லிகிராம். தெளிக்கப்படாத மரங்களோடு ஒப்பிட, காய்களின் தொகை கூடியது. மிகுந்த அளவு பெற்ற மரங்களின் கனிச்சாற்றிலே சர்க்கரை முதலிய கரையும் பொருள்கள் 4.4 முதல் 7.6 வீதம் வரை உயர்ந்தன; புளிப்பு 9.5 முதல் 29.1 வீதம் வரை குறைந்தது. கனியின் புறவியல்புகளோ மாறவில்லை. மகரந்தக் குழாயின் வளர்ச்சிக்குப் போரன் இன்றியமையாதது. ஆதலால், மலருமுன் தெளித்ததன் காரணம் விளங்கும்.

இங்கு ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். 2021 இல் இலங்கையில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்ட காலை, நனோ நைதரசன் திரவம் இந்தியாவிலிருந்து விமானத்திற் கொணரப்பட்டது. நம்மவர் பலர் நனோ என்னும் சொல்லைக் கேட்டது அப்பொழுதே. ஆயின் நைதரசன் பயிருக்குக் கிலோகிராம் கணக்கில் வேண்டப்படுவது. நாகமும் போரனும் கிராம், மில்லிகிராம் அளவில் வேண்டப்படுவன. சிறிதளவு வேண்டுவதை இலைவழி ஊட்டி நிறைவு செய்யலாம். பேரளவில் வேண்டுவதை வேர்வழியே ஊட்டுதல் வேண்டும். போத்தலொன்று எருக்குழிக்கு ஈடாகாது.

இன்னுமொன்று. கிடைத்த பயன் துகளின் நுண்மையால் விளைந்ததோ, மரத்துக்குக் குறைவாயிருந்த சத்து கிடைத்தமையால் விளைந்ததோ? இதனைத் தெளிய, சாதாரண நாக சல்பேற்றுத் தெளித்த மரங்களும் அருகே நிற்றல் வேண்டும். ஆதலின் தோட்டமுடைய அன்பர்கள் முதலில் மண்ணையும் இலையையும் பரிசோதிப்பிக்க. பின்னர் ஒரு வரிசைக்கு நனோ நாகமும், ஒரு வரிசைக்கு நாக சல்பேற்றும் தெளித்து, மூன்றாம் வரிசைக்கு நீர் மாத்திரம் தெளிக்க. காய்களை எண்ணி, நிறுத்து, சுவைத்து எழுதி வைக்க. போரன் சிறிது மிகினும் நஞ்சாமாதலால் குறித்த அளவைக் கடத்தலாகாது. வெயில் ஏறுமுன், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு தெளித்தல் நன்று. நுண்துகள் இலையினுள் மட்டுமன்றி நம் சுவாசப்பையினுள்ளும் புகவல்லது.

மாணாக்கர்காள்! புதியது என்பதற்காக ஒன்றைப் போற்றலும் தகாது, தூற்றலும் தகாது. அளந்து, ஒப்பிட்டு, உண்மை காண்பதே கல்வியின் பயன். கல்லூரி வளவிலே மூன்று மாதுளங் கன்றுகளேனும் நாட்டி இவ்வாய்வை இன்றே தொடங்குவோமாக.