ஆரியபட்டரின் படகும் ஐன்ஸ்டீனின் ஒளியும்

"ஐன்ஸ்டீன் சொன்னதை ஆரியபட்டர் அப்பவே சொல்லிட்டார்!" மேடையில் இப்படிச் சொன்னால் கைதட்டல் நிச்சயம். ஆனால் இயற்பியல் படிக்கிற தங்கை ஒருத்தி எழுந்து, "எதைச் சொன்னாருங்க அண்ணே?" என்று கேட்டால் நம்மிடம் பதில் இருக்கணும் இல்லையா?

ஆரியபட்டீயத்தில் அவரே தரும் கணக்குப்படி கி.பி. 499-இல் அவருக்கு வயது 23. நம்ம வயசுதான். படகில் போகிறவருக்குக் கரையில் அசையாமல் நிற்பவை பின்னோக்கிப் போவதுபோலத் தெரியும். அப்படித்தான் நிலையான விண்மீன்களும் மேற்கே நகர்வதாகத் தெரிகின்றன என்றார். அதாவது, சுழல்வது பூமி. எங்கே இருந்து அளக்கிறோமோ அதை இயற்பியலில் 'குறிப்பாயம்' என்போம். படகு ஒரு குறிப்பாயம், கரை இன்னொன்று. (பின்னால் வந்த பிரம்மகுப்தர் இதை ஏற்காமல் வாதாடினார். நம்ம முன்னோர்களும் சும்மா தலையாட்டவில்லை!)

இப்போ படகுக்குப் பதில் ஈப்போ போகும் இடிஎஸ் ரயில். வேகம் மணிக்கு 140 கிலோமீட்டர். உள்ளே நீங்க 5 கிலோமீட்டர் வேகத்தில் முன்னே நடந்தால், பிளாட்பாரத்தில் நிற்கும் நண்பருக்கு உங்க வேகம் 145. சரி, நடப்பதற்குப் பதில் டார்ச் லைட் அடித்தால்? ஒளியின் வேகத்தோடு 140-ஐக் கூட்டணுமா?

கூடாது. உங்களுக்கும் நண்பருக்கும் அதே வினாடிக்கு 2,99,792 கிலோமீட்டர்தான். பூமி வினாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றுகிறதே, அது ஒளியின் வேகத்தில் தெரியுமா என்று 1887-இல் மைக்கல்சனும் மோர்லியும் அளந்து பார்த்தார்கள். எதிர்பார்த்த வித்தியாசம் கிடைக்கவே இல்லை.

1905-இல் 26 வயது ஐன்ஸ்டீன் இதை அப்படியே ஏற்றுக்கொண்டு யோசித்தார். ரயில் தரையிலிருந்து கூரைக்கு ஒரு பந்தை நேராக மேலே எறியுங்க. பிளாட்பாரத்து நண்பருக்கு அது சாய்வாகப் போகும். பாதை நீளம்தான், ஆனால் ரயிலின் வேகமும் சேர்வதால் பந்து அவருக்கு வேகமாகவும் போகிறது. அதனால் நேரம் ஒன்றே. பந்துக்குப் பதில் ஒளியை அனுப்புங்க. பாதை அவருக்கு நீளம், வேகமோ கூடாது. அப்போ நேரம்தான் கூடியாகணும்! நண்பரின் அளவில், ஓடும் ரயிலின் கடிகாரம் மெதுவாகிறது. 140 கிலோமீட்டரில் இது கண்ணுக்கே தெரியாது.

ஆகவே தங்கைக்குப் பதில்: படகு ஆரியபட்டருடையது, அதைத் தயங்காமல் சொல்லலாம். ஒளிக்கு வேகம் மாறாது, நேரம் மாறும் என்பது அந்தப் படகில் இல்லை.

வேஸ் பார்த்து வண்டி ஓட்டுறோமே, அந்த ஜிபிஎஸ் துணைக்கோள்களின் கடிகாரம் வேகத்தால் மட்டும் நாளுக்கு 7 மைக்ரோ வினாடி பின்தங்கும். புவியீர்ப்பு வேறொரு மாற்றம் செய்கிறது. அது தனிக் கதை. ஆனால் அந்த 7 மைக்ரோ வினாடிக்குள் ஒளி 2 கிலோமீட்டர் போய்விடும்.