ஃபிஜிக்கு டி.வி. வந்த கதை

கேள்வி: டி.வி. பார்த்தால் பெண்களுக்குத் தங்கள் உடம்பே பிடிக்காமல் போகுமா? வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள்.
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: ஃபிஜித் தீவுகளில் பாரம்பரியமாகப் பூசினாற்போன்ற உடம்புதான் அழகு. ஒருத்தி இளைத்தால் உறவுக்காரர்கள் கவலைப்படுவார்கள்.

அங்கே நட்ரோங்கா பகுதிக்கு டி.வி. வந்தது 1995-இல். ஹார்வர்டு மனநல மருத்துவர் ஆன் பெக்கர் அப்போதும் 1998-இலும் பள்ளி மாணவிகளை ஆராய்ந்தார். எடை குறைக்க வலிந்து வாந்தி எடுத்தவர் முதலில் ஒருவர்கூட இல்லை. மூன்றே ஆண்டில் 11 சதவீதம்! தாம் குண்டு என்று சில வேளையாவது நினைத்தவர்கள் 74 சதவீதம். 'பெவர்லி ஹில்ஸ் 90210' என்ற அமெரிக்கத் தொடரின் நடிகைகளைப்போல் ஆக வேண்டுமாம், பாவம்.

இரு முறையும் வெவ்வேறு மாணவிகள். எனவே பழி மொத்தத்தையும் டி.வி. தலையில் கட்ட முடியாது. ஆனாலும் உங்கள் வீட்டார் சிரித்துத் தள்ளும் விஷயமல்ல இது.